எலி சொன்ன சாட்சி

உங்கள் வீட்டில் தேகப் பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளை யாராவது இருந்தால், 'பெப்டைடு' என்ற சொல் இதற்குள் உங்கள் காதில் விழுந்திருக்கும். விழாவிட்டால் கூடிய சீக்கிரம் விழும். சுண்டு விரல் உயரத்தில் ஒரு கண்ணாடிச் சீசா. அதன் அடியில் சர்க்கரை அப்பிக்கொண்ட மாதிரி கொஞ்சம் வெள்ளைத் தூள். அதை நீரில் கரைத்து, நீரிழிவுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் மெல்லிய ஊசியால் தோலுக்கு அடியில் ஏற்றிக்கொண்டால், அறுந்த தசை நாண் ஒட்டும், முறிந்த எலும்பு கூடும், ஆறு மாதத்துக் காயம் ஆறு வாரத்தில் ஆறும் என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் சாமானியமாகச் சொல்வதில்லை. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறவர்களைப் போலச் சொல்கிறார்கள்.

அது வாஸ்தவமா என்று விசாரிக்க வேண்டிய அவசியம் எனக்கு வந்தது. பத்திரிகை உத்தியோகத்துக்காக அல்ல. புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கும் என் பெரியம்மாவின் வலது கைக்காக.

பெரியம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. மாதா கோவில் மணி காதில் விழும் தூரத்தில் வீடு. வாசல் அறையில் தையல் மெஷின். முப்பது வருஷமாக அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பதுதான் ஜீவனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில், மீன் விற்கும் பக்கத்து ஈரத்தில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. கோரிமேட்டுக்கு அழைத்துப் போய் ஜிப்மரில் படம் எடுத்து, எலும்பை நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். (ஜிப்மர் ஏதோ நேற்றைக்கு வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சமாசாரம்: அதன் பூர்வீகம், 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரில் துவக்கிய வைத்தியப் பள்ளி.)

இந்த முறிவு புதிதல்ல. டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் என்ற டாக்டர் 1814-இலேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலியும்போது, சாதாரணமாக விழுந்தாலே ஏற்படக்கூடிய முறிவு இது. ஆறு வாரம் கட்டு, அப்புறம் மெள்ள மெள்ளப் பயிற்சி என்றார் டாக்டர். பெரியம்மாவின் மேஜை மேலோ, ஆவணி முகூர்த்தங்களுக்காக இருபத்திரண்டு ரவிக்கைத் துணிகள், அளவு ரவிக்கைகளோடு மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருந்தன.

இந்தச் சமயத்தில்தான் தம்பி, அதாவது பெரியம்மாவின் மகன், சீசாக்களைக் கொண்டு வந்தான். மூன்று சீசா, பதினாலாயிரம் ரூபாய். தேகப் பயிற்சிக் கூடத்துச் சிநேகிதர் மூலமாக வந்தது.

"இதுக்குப் பேர் பி.பி.சி. 157, அக்கா" என்றான் என்னிடம்.

"பி.பி.சி.யா? லண்டன் ரேடியோவா?" என்றார் பெரியம்மா.

"அது வேறே, இது வேறே, அம்மா. எனக்குத் தோள்பட்டை வலி இருந்துதே, மூணு வாரம் போட்டேன், போயே போச்சு!"

பெரியம்மா என்னைப் பார்த்தார். "நீதானேடி பத்திரிகையிலே நாலும் படிக்கிறே. போட்டுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையிலே சொல்லு."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

முதலில் பெப்டைடு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் தேகத்திலுள்ள புரதங்கள் எல்லாம் அமினோ அமிலம் என்ற சிறு சிறு பூக்களைக் கோத்த சரங்கள். சரம் நீளமாக இருந்தால் புரதம்; ஒரு சாண், அரை முழம் என்று குட்டையாக இருந்தால் பெப்டைடு. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. நாம் எல்லோரும் அறிந்த இன்சுலின் 51 பூக்கள் கோத்த பெப்டைடுதான்; கோடிக்கணக்கான உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே பெப்டைடு என்ற ஜாதிக்காக இந்தச் சீசாவைத் தள்ளி வைப்பது நியாயமல்ல. தம்பி கொண்டு வந்ததில் 15 பூக்கள். இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லி, குரோஷியா தேசத்து ஜாக்ரெப் நகரில் ஒரு விஞ்ஞானக் கோஷ்டி இதை 1990-களிலிருந்து ஆராய்ந்து எழுதி வந்திருக்கிறது.

அந்தக் கட்டுரைகளைப் படித்தால் யாருக்கும் ஆசை வரும். எலியின் குதிகால் நாணை அறுத்து, இந்த மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து பெற்ற எலிகள் பெறாதவற்றைவிட நன்றாகத் தேறின. தசையை நசுக்கினார்கள், தேறின. முயலின் எலும்பில் இடைவெளி உண்டாக்கினார்கள். அங்கும் பலன் தெரிந்தது. காயத்துக்குப் புதிய ரத்தக் குழாய்கள் விரைந்து முளைப்பது ஒரு காரணம் என்கிறார்கள். இதையெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. எலிகள் நொண்டாமல் நடந்திருக்கலாம். எனக்கு அவற்றின் மேல் பொறாமை இல்லை.

ஆனால் மனிதர்கள் எங்கே?

தேடினேன். எலும்பு, மூட்டு, தசைக் காயங்களுக்கு இந்த மருந்தைப் பற்றி வந்தவற்றையெல்லாம் 2025-இல் சில டாக்டர்கள் சலித்துப் பார்த்தார்கள். தேறியவை 36 ஆய்வுகள். அவற்றில் 35, விலங்குகளிலும் கண்ணாடிக் குப்பிகளிலும் செய்தவை. மனிதர்களைப் பற்றியது ஒன்றே ஒன்று. அதுவும் என்ன? முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்ட 16 பேரைப் பிற்பாடு கூப்பிட்டு, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டது. பெரும்பாலோர் தேவலை என்றார்கள். ஊசி போடாத 16 பேர் எப்படி இருந்தார்கள் என்று பார்க்கவே இல்லை. ரத்த நாளத்தில் ஏற்றிப் பார்த்த இன்னோர் ஆய்வில் ஆட்கள் மொத்தம் 2 பேர். 2015-இல் 42 ஆரோக்கியமான ஆட்களிடம் சோதனை என்று ஒன்று பதிவாயிற்று. அதன் முடிவு எந்த வைத்திய இதழிலும் வரவில்லை.

முப்பது வருஷத்தில் இந்தக் காயங்களுக்கு மனிதர்கள் தரப்பில் நான் கண்ட சாட்சி இவ்வளவுதான்.

"ஊசி போடாதவங்களை எதுக்குப் பார்க்கணும்? போட்டுக்கிட்டவன் நானே சொல்றேனே!" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. நம் வீடுகளில் தினம் கேட்கும் கேள்வியும்கூட. ஆந்திரத்துப் புத்தூருக்குக் கை முறிந்து போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. என் தாத்தாவும் அங்கே போய் வந்தவர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். எலும்பு தானாகக் கூடும் சுபாவம் உள்ளது. நேராக வைத்து அசையாமல் கட்டினால், பெரும்பாலோருக்கு இந்த மணிக்கட்டு முறிவு சில வாரங்களில் கூடிவிடும். இரண்டாம் வாரத்தில் பெரியம்மாவுக்குச் சீசா மருந்தை ஏற்றி, ஆறாம் வாரத்தில் கட்டைப் பிரித்து, எலும்பு கூடியிருந்தால் புகழ் யாருக்குப் போகும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். தம்பியின் தோள்பட்டை விஷயமும் அப்படியே. அந்த மூன்று வாரமும் அவன் பளு தூக்கவில்லை. "ஊசி போடும்போது தூக்கக் கூடாதாமே!" என்றான். தூக்காமல் இருந்ததற்கு அவன் ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆகையால் அதற்கு நன்றி சொல்லவும் தோன்றவில்லை.

மனசு செய்யும் மாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2002-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டாக்டர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்பட்ட 180 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். சிலருக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது; எதுவும் கிடைக்காமல் போகலாம் என்பதற்குச் சம்மதித்தே வந்தார்கள். இரண்டு வருஷம் விசாரித்ததில், நிஜ ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வெறும் கீறல் பெற்றவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. கீறலே இவ்வளவு செய்யுமானால், பதினாலாயிரம் ரூபாய் ஊசி எவ்வளவு செய்யாது!

இப்போது எலிகளிடம் திரும்பி வருகிறேன். இந்த விஷயத்தில் என்னை உட்கார வைத்து யோசிக்கச் சொன்னது வேறொரு பெப்டைடின் கதை.

நம் கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், நாலு சிறு சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் நீர் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் கவனித்துக்கொள்கிறது. அந்தச் சரத்தின் முதல் 34 பூக்களை மட்டும் எடுத்துச் செய்த மருந்து டெரிபாரடைட். முதுகெலும்பு நொறுங்கியிருந்த, மாதவிடாய் நின்ற 1,637 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் ஊசி. சோதனை நடந்துகொண்டிருந்தபோது எலிகளிடமிருந்து ஒரு கெட்ட சேதி வந்தது. நீண்ட காலம் இதே மருந்தைப் பெற்ற எலிகளுக்கு எலும்பில் புற்றுநோய் வந்தது! உடனே மனிதர்களின் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அதுவரை கிடைத்த கணக்கைப் பார்த்தால், மருந்து பெற்ற பெண்களுக்கு முதுகெலும்பில் புது முறிவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. வெறும் ஊசி பெற்றவர்களில் 100-க்கு 14 பேருக்கு முறிவு. 20 மைக்ரோகிராம் மருந்து பெற்றவர்களில் 100-க்கு 5 பேருக்கு. 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். 2002-இல் அமெரிக்க அரசாங்கம் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் பெட்டியின் மேல் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வேண்டும் என்றது. அப்புறம் வருஷக் கணக்காக மனிதர்களைக் கண்காணித்தார்கள். எலிகளுக்கு வந்த புற்றுநோய், மனிதர்களிடம் அதிகப்படவில்லை. 2020-இல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

கவனித்தீர்களா? எலி 'ஆபத்து' என்று சாட்சி சொல்லிற்று. மனிதர்களிடம் அது பலிக்கவில்லை. அப்படியானால் எலி 'அற்புதம்' என்று சாட்சி சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? எலி பொய் சொல்வதில்லை, பாவம். அது எலிகளைப் பற்றித்தான் சொல்கிறது.

டெரிபாரடைட் கதை அத்துடன் முடியவில்லை. பெரியம்மாவின் மணிக்கட்டுக்கே வந்தது. எலும்பு மெலிவைத் தடுக்கிற மருந்து, முறிந்த எலும்பைச் சீக்கிரம் கூட்டுமா என்று பார்க்க, இதே இடத்தில் முறிவு ஏற்பட்ட, இதே பருவத்துப் பெண்கள் 102 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2010-இல் வெளியிட்டார்கள். வெறும் ஊசி பெற்றவர்களுக்கு எக்ஸ்ரே படத்தில் எலும்பு கூடியது தெரிய 9.1 வாரம். 40 மைக்ரோகிராம் பெற்றவர்களுக்கு 8.8 வாரம், அதாவது வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். பாதி அளவு, 20 மைக்ரோகிராம், பெற்றவர்களுக்கு 7.4 வாரம்! ஜாஸ்தி மருந்தில் இல்லாத குணம் குறைச்சல் மருந்தில் எப்படி வந்தது? அவர்கள் நிரூபிக்கக் கிளம்பியது 40-ஐத்தான், அது நிரூபணமாகவில்லை. 20-இன் லாபம் பிற்பாடு கணக்கைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம்.

1,637 பெண்களிடம் நிரூபணமான, வருஷக் கணக்கில் கண்காணித்த, கலப்படமில்லாத பெப்டைடு, இந்த ஓர் எலும்பு விஷயத்தில் கொடுத்த பதில் இது: மிஞ்சிப் போனால் பன்னிரண்டு நாள், அதுவும் சந்தேகம். இந்தக் கணக்கைத் தம்பிக்கு எதிரில் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவன் முதல்முறையாகப் பேசாமல் இருந்தான்.

பிறகு சீசாவைக் கையில் எடுத்து, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். 'ஆராய்ச்சி உபயோகத்துக்கு மட்டும். மனிதர்களுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. நம் நாட்டில் தலைவலி மாத்திரை அட்டையில்கூடத் தயாரிப்பாளரின் லைசென்ஸ் நம்பர், தொகுதி நம்பர், காலாவதித் தேதி இருக்க வேண்டும். இதில் லைசென்ஸும் இல்லை, தேதியும் இல்லை. உள்ளே இருப்பது அந்த 15 பூச் சரம்தானா, எவ்வளவு இருக்கிறது, வேறு என்ன கலந்திருக்கிறது என்பதற்கு விற்றவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இன்சுலின் சரித்திரத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. 1922 ஜனவரி 11-ஆம் தேதி டொரான்டோவில் பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டபோது, சாறு சுத்தமாக இல்லாததால் ஊசி போட்ட இடம் புரை வைத்தது. நோயும் அதிகம் இறங்கவில்லை. இரவு பகலாகச் சுத்திகரித்து, 23-ஆம் தேதி மறுபடி போட்டார்கள், பையன் பிழைத்தான். மருந்து ஒன்றேதான்; நடுவே நடந்தது சுத்திகரிப்பு.

பந்தயங்களில் ஓடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2022-ஆம் வருஷத்திலிருந்து இந்த பி.பி.சி.யைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எஸ்ஸென்டன் என்ற கால்பந்துக் கிளப்பில் 2012-இல் ஆட்டக்காரர்களுக்கு ஊசி ஊசியாகப் போட்டார்கள். தைமோசின் என்ற இன்னொரு பெப்டைடு அதில் இருந்தது என்று தீர்மானித்து, 2016 ஜனவரியில் 34 ஆட்டக்காரர்களுக்கு இரண்டு வருஷத் தடை விதித்தது விளையாட்டு நடுவர் மன்றம். தங்கள் உடம்பில் என்ன ஏறியது என்பதற்கு ஒழுங்கான குறிப்புக் கூட அந்த ஆட்டக்காரர்களிடம் இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும், "சரி, பலன் இல்லாமலே போகட்டும், கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது?" என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்கு விடை பெரியம்மாவிடமே இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, கதிர்ச் சிகிச்சையும் கொடுத்துப் பிழைத்து எழுந்தவர். தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஊசி வாங்கும்போது அவனுக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. விற்றவர் கேட்கவும் இல்லை. புதிய ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்வதுதான் இந்த மருந்தின் பெருமை. எங்கேயாவது ஒளிந்து கிடக்கும் புற்றணு வளர்வதற்கும் ரத்தக் குழாய்தான் வேண்டும். ஆகவே இது புற்றுநோயைக் கொண்டுவரும் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. கொண்டுவராது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. நீண்ட நாள் மனிதர்களைக் கண்காணித்தால்தானே தெரியும்?

அந்தக் கறுப்புக் கட்டம் போன டெரிபாரடைடைப் பாருங்கள். எலும்புக்குக் கதிர்ச் சிகிச்சை பட்டவர்களுக்கு இதைக் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று, அதனுடன் வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. நிரூபணமான மருந்துக்குப் பலன் மட்டும் அல்ல, யாருக்கு ஆகாது என்பதும் தெரிந்திருக்கும். தம்பி கொண்டு வந்த சீசாவோடு தாளே வரவில்லை.

"வேண்டாம், பெரியம்மா" என்றேன். அதுதான் ஒன்பதாம் நாள் சொன்ன ஒரு வார்த்தை.

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. மேஜை மேல் இருந்த மூட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடது கையால் டெலிபோனை எடுத்து, பதினைந்து ரவிக்கைகளைத் தெருக்கோடித் தையல்காரப் பெண்ணிடம் கொடுத்துவிடும்படி சொன்னார். அதில் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். 'ஜாக்ரதையாக இருந்தோம்' என்பதற்காக யாரும் பணம் கொடுப்பதில்லை. சீசாக்களை விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

கட்டுக்குள் இருந்தபோதே விரல்களை மடக்கி நீட்டும்படியும், தோள்பட்டை இறுகாமல் கையை உயர்த்தி இறக்கும்படியும் ஜிப்மரில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த விலையில்லா வைத்தியத்தைத் தம்பி தினம் மூன்று வேளை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் செய்ய வைத்தான். பெண்கள் பலர் கட்டுப் பிரிக்கும் வரை கையைத் தொட்டிலில் போட்ட மாதிரி தொங்கவிட்டு, பிற்பாடு விரல் மடங்காமல் அவஸ்தைப்படுகிறார்கள். அறுபது வயதில் லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பின் அடர்த்தியையும் சோதித்துப் பார்த்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். முறிந்தது கை ஆனாலும் மெலிந்திருப்பது தேகம் முழுவதும் உள்ள எலும்பு. புதிதாக ஒரு மருந்தைப் பற்றி யாராவது சத்தியம் செய்தால், "நம் தேசத்தில் மனிதர்களிடம் சோதனை நடந்ததா?" என்று கேளுங்கள். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் அப்படி நடத்தும் எந்தச் சோதனையையும் முன்கூட்டியே அரசாங்கப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ இலவசமாகப் பார்க்கலாம். சிநேகிதரின் சிநேகிதர் தேவையில்லை.

பெரியம்மாவுக்குச் சோதித்ததில் எலும்பு மெலிவுதான். பழைய நோயை எல்லாம் கேட்டறிந்த டாக்டர், வாரத்துக்கு ஒன்றாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பல வருஷமாக மனிதர்களிடம் சோதித்துப் பழகிய மாத்திரை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவரை காப்பி கூடாது. திங்கட்கிழமை காலை ஐந்தரை மணியிலிருந்து ஆறு மணி வரை நெல்லித்தோப்பு வீட்டுக்கு டெலிபோன் செய்யாமல் இருப்பது நல்லது என்று தம்பி எனக்குச் சொல்லியிருக்கிறான்.